இருபத்தெட்டரைச் சக்கரம்

எங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, கடைசி வரை சக்கரத்தில்தான் கணக்குப் பார்த்தாள். திருவிதாங்கூர் நாணயங்களை இன்றைய பிள்ளைகள் கண்டிருக்க வழியில்லை என்பதால் அந்த வாய்ப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய்க்கு மட்டும் 28 சக்கரமும் 8 காசும், அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். இந்த அரைச் சக்கரம்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு வாத்தியாரைக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ஊர் தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் இடையில் இருக்கிறது. பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, பனையேறி. பாட்டி அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிச் சந்தைக்குச் சுமந்துபோய் விற்பாள். பாட்டா ஒருமுறை பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, விற்பதும் வாங்குவதும் கடன் அடைப்பதும் பாட்டியின் பொறுப்பாயின. அப்பா பிறந்தது 1943-இல். அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, 1949-இல், திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரம் புழக்கத்திலிருந்து போய் அணா மட்டுமே நிலைத்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதற்கு ஐந்தே மாதங்கள் கழித்து, 1957 ஏப்ரல் 1 முதல், அணாவும் போய்ப் புதுப் பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ராத்தல் தராசுக்குப் பதிலாகக் கிலோ படிக்கற்கள் வந்து சேர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று நாணயங்களையும் இரண்டு எடைகளையும் கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு வியாபாரி தன்னை ஏமாற்றிவிட்டான் என்ற பயத்தோடுதான் அவள் சந்தையிலிருந்து திரும்பினாள்.

அந்தப் பயத்தைத் தீர்க்கும் வேலை பள்ளிக்கூடத்துக்குப் போகிற மகனுக்கு வந்தது. பாட்டியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பைசாவைச் சக்கரமாக்கியும் கிலோவை ராத்தலாக்கியும் அவர் சொல்லிக்கொண்டிருப்பாராம். ஒரு பணம் என்றால் ஏறத்தாழ 14 புதுப் பைசா, ஒரு கிலோ என்றால் இரண்டே கால் ராத்தலுக்குச் சற்றுக் குறைவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்துக் கடைக்காரிகளும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். யாரிடமும் அவர் "இனி பைசாவில் யோசியுங்கள்" என்று சொன்னதில்லை. அவரவர் கையில் எந்த அளவை இருக்கிறதோ அந்த அளவைக்கு விலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் அவர் செய்ததும் இதே வேலைதான் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் புரிந்தது.

நாகர்கோவிலில் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்து, பி.டி. ஆசிரியர் பயிற்சியும் பெற்று, அவர் முதலில் வேலைக்குச் சேர்ந்தது குளச்சலுக்கு அருகே ஒரு கடலோரப் பள்ளியில். எட்டாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் பையன்கள் வள்ளத்துக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு மாதமாக வராத ஒரு மாணவனைத் தேடி ஒரு நாள் விடியற்காலையில் அப்பா கடற்கரைக்கே போயிருக்கிறார். பையனின் தகப்பனார் அப்போதுதான் கரையேறியிருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர் மட்டுமே இருக்கும் கடலில், நேற்று மீன் கிடைத்த அதே பாரை இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார். பார் என்பது கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. அந்த மனிதர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினாராம். கரையில் தெரியும் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு மலையுச்சியும் ஒன்றுக்கு நேராக ஒன்று வரும்படி வள்ளத்தை நிறுத்தினால் அது ஒரு கோடு. அதே கோட்டில் நகர்ந்துகொண்டே போனால், வேறொரு பக்கத்தில் உயர்ந்த தென்னந்தோப்பும் இன்னொரு மலையும் நேராக வரும் இடம் ஒன்று இருக்கும். அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் பார். இதற்கு அங்கே கணிச்சம் என்று பெயர்.

இரண்டு நேர்கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும் என்பதை அந்தப் பள்ளியில் அப்பா அதற்குப் பிறகு கணிச்சத்திலிருந்தே தொடங்கினார். இரண்டு மாறிகளில் அமைந்த ஒருங்கமை சமன்பாடுகளையும் அப்படியே நடத்தினார்: ஒவ்வொரு சமன்பாடும் ஒரு கோடு, விடை என்பது வள்ளம் நிற்கும் இடம். பாடநூலில் இல்லாத ஒன்றையும் பையன்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்ந்தெடுக்கும் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தால் கணிச்சம் ஏமாற்றிவிடும், நல்ல விரிவாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒருவன் எழுந்து சொன்னானாம். இணைகோட்டுக்கு நெருங்கிய இரண்டு கோடுகளில், சிறிய பார்வைப் பிழையும் வெட்டும் புள்ளியை வெகு தூரம் தள்ளிவிடும் என்பதுதான் அது. தான் பட்டப்படிப்பில் பக்கம் பக்கமாகப் படித்ததைப் பதின்மூன்று வயதுப் பையன் ஒரே வாக்கியத்தில் சொன்னான் என்று அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுப்பார். தேடிப்போன அந்த மாணவன் திரும்பி வந்தானா என்று நான் கேட்டதுண்டு. இரண்டு ஆண்டுகள் வந்தான், பிறகு போய்விட்டான் என்றார். அதை அவர் தன்னுடைய தோல்வியாகவே வைத்திருந்தார்.

பிறகு குலசேகரம் பக்கம், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பள்ளிக்கு மாற்றல். அங்கே வருகிற பிள்ளைகளில் பலர் விடியுமுன் பெற்றோரோடு பால்வெட்டுக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருபவர்கள். முதல் பாடவேளையில் தூங்கிவிடுவார்கள். அப்பா அவர்களை எழுப்பியதில்லை. முதல் பாடவேளையை வேறு ஆசிரியரோடு மாற்றிக்கொண்டு கணக்கைப் பதினொரு மணிக்கு வைத்துக்கொண்டார். கோணமானியை எடுப்பதற்கு முன், ரப்பர் மரத்தில் கத்தி போகும் சாய்வை நோட்டில் வரையச் சொல்வார். ஒட்டு மரத்தில் அந்தச் சாய்வு 30 பாகையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது வெட்டுகிறவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். பிள்ளைகள் கண்மதிப்பாக வரைந்த கோடுகளை அளந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று பாகைக்குள் வந்து நிற்கும். சதவீதத்துக்கு ரப்பர்ப் பாலே போதுமானதாக இருந்தது. நூறு கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் ஏறக்குறைய முப்பதிலிருந்து நாற்பது கிலோ மட்டுமே, மீதி தண்ணீர். அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் பாலுக்கு விலை போடுகிறார்கள் என்பதால், சதவீதம் தெரியாத வீட்டில் ஒவ்வொரு நாளும் பணம் குறையும். அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டு வந்து அவரிடம் சரிபார்த்தார்கள். அவருடைய அம்மாவின் கருப்பட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பையனை அந்தப் பிள்ளைகளில் அவர் பார்த்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

தனிப்பயிற்சிக்கு அவர் காசு வாங்கியதில்லை. எங்கள் திண்ணையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். வேண்டாம் என்றாலும் யாராவது ஒரு மட்டி வாழைக் குலையையோ நாலு சக்கையையோ நடையில் வைத்துவிட்டுப் போவார்கள். சக்கை வெட்டி எல்லோருக்கும் பங்கு வைக்கும்போது, சுளைகளை எண்ணிப் பதினைந்தால் வகுத்து, மீதியை யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளையே தீர்மானிக்க விடுவார். மீதி பெரும்பாலும் என் அத்தையின் மகனுக்குத்தான் போகும்.

அத்தை, அப்பாவுக்கு இளையவள். கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அப்பாவும் அம்மாவும், நாங்கள் மூன்று பேரும், அத்தையும் அவள் பிள்ளைகளும், பாட்டா காலமான பிறகு பாட்டியும் என ஒன்பது பேர் வாழ்ந்தோம். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு அப்பாவின் நாட்குறிப்புகள்தான் சாட்சி. ஆண்டுக்கு ஒன்றாக நாற்பதுக்கும் மேற்பட்டவை இப்போது என்னிடம் இருக்கின்றன. வரவும் செலவும் அவற்றில் பாதி இடத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மீதியில் எங்கள் ஐந்து பேரின் உயரம் ஆண்டுதோறும் சென்டிமீட்டரில், பசு சினையான தேதியும் அதிலிருந்து எண்ணிக் குறித்த ஈனும் தேதியும், அம்மாவுக்கு ஆஸ்துமா இழுத்த இரவுகள், எந்த மாதத்தில் அவை அதிகம் என்பதற்கு ஒரு வரைபடம், அத்தைக்குப் புதுச் சேலை எடுத்து எத்தனை மாதமாயிற்று என்ற குறிப்பு ஆகியவை இருக்கின்றன. அந்தக் கடைசிக் குறிப்பைப் பார்த்தபோது நான் நாட்குறிப்பை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தை ஒருபோதும் எதையும் கேட்டதில்லை. கேட்கும்படி அவளை விட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒருவர் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

கணக்கு வாத்தியார் மகளான எனக்குக் கணக்கு வரவில்லை. குறிப்பாக வடிவியல் என்றால் வயிற்றைக் கலக்கும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்கு 31 வாங்கிய நாள், அதை அப்பாவிடம் காட்ட முடியாமல் அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மா எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அப்பா வந்து விடைத்தாளை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரவு, சாப்பாடு முடிந்ததும், அம்மாவை அழைத்து, "இவளுக்கு ஒரு கிராஸ் துணி வெட்டிக் காட்டு" என்றார். அம்மா ஒரு சதுரத் துணியை எடுத்து மூலைக்கு மூலை மடித்துக் கத்தரித்தாள். நேராக வெட்டிய துணி இழுத்தால் நீளாது, மூலைவாட்டில் வெட்டிய துணி உடம்போடு இழைந்து கொடுக்கும் என்று விளக்கினாள். "இந்த மடிப்பு எத்தன பாகை?" என்று அப்பா கேட்டார். சதுரத்தின் மூலை 90, அதில் பாதி 45 என்று நான் சொன்னேன். "இப்ப ஓரம் ஒரு முழம்னா மூலைவாடு எத்தன முழம்?" அம்மா அளவு நாடாவை என்னிடம் நீட்டினாள். ஒன்றே காலுக்கும் ஒன்றரைக்கும் இடையில் எங்கோ வந்தது. அங்கிருந்துதான் எனக்குப் பிதாகரசும் இரண்டின் வர்க்கமூலமும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த மூன்று மாதங்கள் என் வடிவியல் ஆசிரியை அம்மாதான். கைக்குழி வளைவில் வட்டவில்லையும், கழுத்து வெட்டில் சமச்சீரையும் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அப்பா தலையசைத்துக்கொண்டிருப்பார். தன்னைவிட அம்மாவுக்கு வடிவியல் நன்றாகத் தெரியும் என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதை அம்மா முகஸ்துதி என்றுதான் நினைத்தாள். அவர் மெய்யாகவே அப்படி நினைத்தார்.

விடுமுறை நாட்களில் அவர் எங்களை அழைத்துப்போகும் இடங்களில் மாத்தூர் தொட்டிப்பாலம் முதன்மையானது. பரளியாற்றுக்கு மேலே இரண்டு மலைகளுக்கு நடுவில் பாசனத் தண்ணீரைத் தொட்டியாகவே தாங்கிச் செல்லும் அந்தப் பாலம் 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் தூண்கள் எழும்பியதை அவர் இளைஞராக நின்று பார்த்திருக்கிறார். தூண்களை எண்ணச் சொல்வார். 28. உடனே 28-ஐ விட்டுவிட்டு அதன் மற்ற வகுஎண்களைக் கேட்பார்: 1, 2, 4, 7, 14. கூட்டினால் மறுபடியும் 28. தன் பகுதிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக இருக்கும் எண்ணுக்குச் செவ்விய எண் என்று பெயர். 6-க்கு அடுத்தது 28, அதற்கு அடுத்தது 496 வரை போனால்தான் கிடைக்கும். "நம்ம ரூபாய்க்கும் 28 சக்கரம்தான்" என்று சேர்த்துக்கொள்வார். பிறகு குடையை மணலில் நட்டு அதன் நிழலை அளந்து, பெரிய தூணின் நிழலையும் அளந்து, உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை 111 அடி என்று கண்டோம். சொல்லப்படுவது 115 அடி. அந்த நான்கு அடி எங்கே போயிற்று என்று பஸ் ஏறும் வரை பேசினோம். நிழல் விழுந்த இடம் சரிவாக இருந்தது என்று என் தம்பி கண்டுபிடித்தபோது, அப்பா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அன்றைய நாட்குறிப்பில் "பிழை 4 அடி, காரணம் தரைச் சரிவு" என்று இருக்கிறது.

கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையையும், ஓய்வுபெறுவதற்கு முந்தைய அந்த ஆண்டில், அவர் வகுப்புக்குக் கொண்டுபோனார். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 என்பதையும், அவை அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும் மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களையும் குறிக்கின்றன என்பதையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்று எண்களையும் 19 வகுக்கும் என்றும், பீடமும் சிலையும் 2-க்கு 5 என்ற விகிதத்தில் நிற்கின்றன என்றும் எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் பாட்டி படுக்கையில் விழுந்தாள். அதே சமயத்தில் அப்பாவுக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும். அவர் எழுதிக்கொடுத்து மறுத்துவிட்டார். மறு ஆண்டும் வந்தது, மறுபடியும் மறுத்தார். இதை வீட்டில் அவர் பேசவே இல்லை. அவர் இறந்தபின் உடன் பணியாற்றிய ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாட்டியைக் குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும் அம்மாவும் அத்தையும் செய்தார்கள். இரவு முழுவதும் அப்பாவின் முறை.

பாட்டிக்கு மெல்ல நினைவு பின்னோக்கிப் போயிற்று. ரூபாய் மறந்தது, அணாவும் மறந்தது, சக்கரம் மட்டும் நின்றது. காலையில் மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டதும், "சாளை என்ன விலை?" என்று கட்டிலிலிருந்தே கேட்பாள். முதல் நாள் அப்பா தன் வழக்கப்படி துல்லியமாகக் கணக்கிட்டு, பத்து ரூபாய்க்கு வாங்கிய சாளைக்கு, "285 சக்கரம், அம்மா" என்றார். பாட்டி அலறிவிட்டாள். வீட்டை விற்றுவிட்டானே, பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டானே என்று மத்தியானம் வரை அரற்றினாள். மறுநாள் அவள் கேட்டபோது அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு, "ஒரு பணம், அம்மா. நாலு சக்கரம்" என்றார். "அது கொள்ளாம்" என்று பாட்டி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பா தவறான கணக்கைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் மீனைக் கொடுத்துவிட்டு வந்தவர் என்னிடம், "அவ கணக்குல அதுதான் விலை, மக்களே" என்றார். பாட்டி இருந்த ஒன்றரை ஆண்டும் சாளை நாலு சக்கரத்தில்தான் இருந்தது. மழைக்காலத்தில் மீன் வரத்துக் குறையும் நாட்களில் மட்டும் ஐந்து சக்கரம் என்பார்.

அப்பா தன் கடைசி வாரத்தை நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் கழித்தார். நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்போம், யாருக்கும் சாப்பிடப் போக மனம் வராது. ஒரு நாள் மத்தியானம் 12 மணிக்கு 500 மில்லி சலைன் பாட்டிலை மாட்டிவிட்டு, எட்டு மணி நேரம் ஓடும் என்று செவிலியர் சொல்லிவிட்டுப் போனார். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளை அப்பா சைகை காட்டிக் கூப்பிட்டு, குழாயில் சொட்டுவதை ஒரு நிமிடம் எண்ணச் சொன்னார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். 21. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று குழாயின் உறையில் அச்சிட்டிருந்ததையும் படித்துச் சொன்னாள். மொத்தம் 10,000 சொட்டு. 21-ஆல் வகுத்தால் 476 நிமிடம். கண்களை மூடியபடியே, "ஏழு மணி ஐம்பத்தாறுக்குத் தீரும். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாரும் போய்ச் சோறு தின்னுட்டு வாருங்க" என்றார். நாங்கள் போனோம்.

பாட்டில் தீர்ந்தபோது மணி 8.10. என் மகள் விடவில்லை. ஏழு மணிக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், அப்போது 20-தான் சொட்டியது, பாட்டிலில் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து சொட்டும் மெதுவாகிவிடுகிறது என்று தாத்தாவிடம் சொன்னாள். அவர் கண்ணைத் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தார். தலையணைக்கடியில் இருந்த நாட்குறிப்பை எடுத்து எழுதச் சொன்னார். அதில் கடைசியாக எழுதப்பட்டிருப்பது அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது: தொடக்கம் 12.00. முடிவு 8.10. பிழை 14 நிமிடம். காரணம் மட்டம் தாழ்ந்தது.